தொட்டிலில் கட்டிய தைலத்துணி

கைக்குழந்தை இருக்கிற வீட்டில் யாராவது ஒருவர் இதைப் படித்துவிட்டு மற்றவர்களுக்கு வாயால் சொன்னால் போதும், அதற்காகத்தான் எழுதுகிறேன். நான் ஏழாம் வகுப்போடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. முன்னால் சொல்ல வேண்டியது பின்னால் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது வீரபாண்டிப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், எதிரில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்க் குழாய். குடியிருந்தவர்கள் அத்தனை பேரும் பனியன் கம்பெனிக்காரர்கள். எந்த வீட்டுக்குள் போனாலும் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு நீலகிரித் தைலப் புட்டி இருக்கும். காரணம் பஞ்சு. பனியன் துணி பின்னுகிற நிட்டிங் மிஷின் ஓடுகிற இடத்தில் நூலிலிருந்து பஞ்சு பறந்துகொண்டேயிருக்கும். என் வீட்டுக்காரர் நிட்டிங் ஆப்பரேட்டர். ஷிப்டு முடிந்து வரும்போது புருவமெல்லாம் நரைத்த மாதிரி வருவார். வந்ததும் தும்மல், மூக்கடைப்பு. சுடுதண்ணீரில் தைலம் விட்டு, போர்வையை மூடி ஆவி பிடித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். கம்பெனியில் ஊட்டிக்கு டூர் கூட்டிப்போனால் ஆளுக்கு ஒரு புட்டியாவது வாங்காமல் பஸ் ஏற மாட்டார்கள். மரத்து இலையிலிருந்து எடுப்பதுதானே, அதில் என்ன கெடுதல் இருக்கப்போகிறது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அதை மருந்து என்றுகூட யாரும் எண்ணியதில்லை. சந்தனம், விபூதி மாதிரி அதுவும் வீட்டில் இருக்கிற ஒரு சாமான்.

நான் சின்ன வயதிலிருந்தே பயந்தாங்கொள்ளி. என் மகள் நித்யா தும்மினால் எதிர்வீட்டில் ஒருதரம் கேட்பேன், பக்கத்து வீட்டில் ஒருதரம் கேட்பேன், அப்புறமும் மனசு ஆறாமல் மெடிக்கலில் போய்க் கேட்பேன். "நீ கவலப்படறதுக்குன்னே கம்பெனில தனியா ஒரு ஷிப்டு போட்டுக் குடுக்கச் சொல்லோணும் சாந்தி" என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். ஓவர்டைமும் சேர்த்துக் கேளுங்க என்பேன். அப்படிச் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறோம்.

நித்யாவுக்கு அப்போது ஒரு வயது நிரம்பவில்லை. நான் செக்கிங் வேலைக்குத் திரும்பியிருந்தேன். தைத்து வருகிற பனியனை ஒவ்வொன்றாக விரித்து, ஓட்டை இருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குகிற வேலை. பிள்ளையை லைனில் கடைசி வீட்டுச் சரசக்காவிடம் விட்டுப் போவேன். சரசக்காவும் கம்பெனியில் இருந்தவர்தான். பஞ்சு ஒத்துக்கொள்ளாமல் இளைப்பு வந்து நின்றுவிட்டார். என் பிள்ளையோடு சேர்த்து மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். அக்கறையான மனுசி. பிள்ளைக்குச் சோறு பிசைந்தால் அதில் ஒரு பருக்கை முழுதாக இருக்காது. தைலத்தில் அவருக்கு மற்றவர்களைவிட நம்பிக்கை அதிகம். இளைப்பு கட்டினால் அதுதான் அவரைத் தூங்க வைக்கும்.

இனிச் சொல்வது வெளியூர்க்காரர்களுக்குப் புரிய வேண்டும். எங்கள் ஊரில் பனியன் துண்டுக்குப் பஞ்சமில்லை. கட்டிங்கில் விழுகிற துண்டுகள் மெத்தென்று இருக்கும். அடுப்புத் துடைக்க அதுதான், சைக்கிள் துடைக்க அதுதான், பிள்ளைக்கு இடுப்பில் கட்டுவதும் அதுதான். வேலைக்குப் போகிற தாய்மார்களின் பிள்ளைகள் பாலுக்கு அழும்போது, ஒரு வெள்ளைத் துண்டைச் சுருட்டி, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்து வாயில் கொடுப்போம். சப்புத்துணி என்போம். சப்பிக்கொண்டே தூங்கிவிடும். எங்கள் லைனில் வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் சப்புத்துணியில் வளர்ந்தவைதான். நித்யாவுக்கு அது இல்லாமல் கண் மூடாது. தொட்டிலில் படுத்தவுடன் கையால் துழாவும். வெள்ளையாக எது கைக்குப் பட்டாலும் வாய்க்குப் போகும்.

மார்கழிப் பனியில் அவளுக்குச் சளி பிடித்தது. மூக்கு அடைத்துக்கொண்டு பால் குடிக்க முடியாமல் விட்டு விட்டு அழுதாள். சரசக்கா வழக்கமாகச் செய்கிற வைத்தியத்தைச் செய்தார். ஒரு பனியன் துண்டைத் தைலத்தில் நனைத்துத் தொட்டில் கயிற்றில், தலைக்கு மேலே கட்டினார். வாசனை இறங்கி மூக்கு திறக்கும் என்பது கணக்கு. லைனில் எல்லோரும் செய்கிறதுதான். முதல் இரண்டு நாள் நன்றாகத் தூங்கவும் தூங்கினாள். நானும் நிம்மதிப்பட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் குழாயில் தண்ணீர் வந்தது. எங்கள் ஊரில் தண்ணீர் வருவது என்றால் தேர் வருகிற மாதிரி, விட்டால் மறுபடி எப்போது என்று தெரியாது. சரசக்கா துணியை இன்னொரு தரம் நன்றாக நனைத்துக் கட்டிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு எதிரில் ஓடியிருக்கிறார். தொட்டில் கண்ணுக்கு எட்டுகிற தூரம்தான். ஆனால் அந்த வாரம்தான் நித்யா கயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காரப் பழகியிருந்தாள். எட்டி இழுத்திருக்கிறாள். கையில் வந்தது வெள்ளைப் பனியன் துண்டு. எல்லா நாளும் செய்வதைத்தான் அன்றும் செய்தாள்.

இருமல் சத்தம் கேட்டுச் சரசக்கா ஓடி வந்தபோது துணி வாயில் இருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு, நம் ஆட்கள் என்ன செய்வார்களோ அதைச் செய்தார். உப்புத் தண்ணீரைக் கரைத்துப் புகட்டி, தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தார். பிள்ளை வாந்தியெடுத்தாள், அதிலேயே புரையேறித் திணறினாள். அப்புறம் அடங்கிவிட்டாள்.

கம்பெனி வாசலில் உன்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று வாட்ச்மேன் சொன்னதும் கையிலிருந்த பனியனைப் போட்டுவிட்டு ஓடினேன். சரசக்கா தோளில் பிள்ளையோடு நின்றார். "ஒண்ணுமில்ல கண்ணு. தைலத்துணியச் சப்பிப்போட்டா. எல்லாம் வெளிய எடுத்தாச்சு. இப்ப நல்லாத் தூங்கறா பாரு" என்றார். பிள்ளையின் மேல் தைலம் குப்பென்று அடித்தது. சூப்பர்வைசரும் எட்டிப் பார்த்துவிட்டு, தூங்கட்டும், தூங்கினால் தெளிந்துவிடும் என்றார்.

எனக்கு அந்தத் தூக்கம் பிடிக்கவில்லை. நித்யா தூங்கும்போது என் தாலிக்கொடியைக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவாள். இப்போது கை ஈரத்துணி மாதிரித் தொங்கியது. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், கன்னத்தைத் தட்டினேன். கண் திறந்து, என்னைத் தாண்டி எங்கோ பார்த்து, மறுபடி மூடினாள். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவள் என்று பெயர் எடுத்தவள் சொன்னால் யார் கேட்பார்கள். நான் யாரையும் கேட்கவில்லை. பிள்ளையை வாங்கிக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் ஓடினேன். சரசக்கா பின்னாலேயே வந்தார்.

வயதான டாக்டர் அவர். பிள்ளையின் உள்ளங்காலைச் சுண்டினார். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார். கண்ணில் நடுவே இருக்கிற கறுப்பு, கடுகைவிடச் சின்னதாகச் சுருங்கியிருந்தது. "வாந்தி தானா எடுத்துச்சா, எடுக்க வெச்சீங்களா?" என்று கேட்டார்.

"நாந்தானுங்க எடுக்க வெச்சேன். உப்புத் தண்ணி குடுத்து, வெரல விட்டு" என்றார் சரசக்கா. நல்லது செய்துவிட்ட குரல் அது.

டாக்டர் கொஞ்சநேரம் ஸ்டெதாஸ்கோப்பை முதுகிலேயே வைத்திருந்தார். பிறகு, கோயமுத்தூருக்குக் கொண்டுபோங்கள், இப்போதே, போகும்போது மல்லாக்கப் படுக்க வைக்காதீர்கள், ஒருக்களித்து வையுங்கள், புட்டியும் துணியும் கையில் இருக்கட்டும் என்றார்.

வேஸ்ட் துணி வியாபாரி காதர் பாய் அந்த வழியாக வேனில் மூட்டை ஏற்றிக்கொண்டு போனார். எங்கள் கம்பெனி வேஸ்ட்டெல்லாம் அவர்தான் எடுப்பார். பிள்ளையையும் என் முகத்தையும் பார்த்தார். வண்டியை நிறுத்தி, மூட்டைகளை டாக்டர் வாசலிலேயே இழுத்துப் போட்டார். மூட்டை என்ன ஆகுங்க என்று கம்பவுண்டர் கேட்டதற்கு, "கெடக்குது போ. நீ ஏறு தங்கச்சி" என்றார். போகிற வழியில் என் வீட்டுக்காரரை மிஷினிலிருந்து கூட்டிக்கொண்டோம். சரசக்கா ஓடிப்போய்ப் புட்டியையும் துணியையும் எடுத்து வந்திருந்தார். பல்லடம் தாண்டியதும் நித்யாவுக்கு வலிப்பு வந்தது. சின்ன உடம்பு, ஒரு பக்கமாக வெட்டி வெட்டி இழுத்தது. சூலூர் வருகிற வரைக்கும் அவளைப் பக்கவாட்டில் பிடித்திருந்த என் கைகளைத் தவிர எனக்கு வேறு உடம்பே இல்லை.

கோயமுத்தூர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு மாடியில் இருந்தது. இளம் வயது டாக்டரம்மா ஒருவர் பார்த்தார். பேச்சில் திருநெல்வேலிப் பக்கம் தெரிந்தது. எவ்வளவு குடித்தாள் என்று கேட்டார். குடிக்கவில்லை, துணியைத்தான் சப்பினாள் என்றோம். துணி எங்கே என்றார். சரசக்கா முந்தானை முடிச்சிலிருந்து எடுத்துக் கொடுத்தார். டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு அதை ஒரு கிண்ணத்தில் பிழிந்தார். பிள்ளை சப்பியது போக, பிறகும் தைலம் சொட்டியது. எங்கள் பனியன் துணி எவ்வளவு உறிஞ்சும் என்று எங்களுக்குத் தெரியாதா. வேர்வையை உறிஞ்சத்தானே அதைப் போடுகிறோம்.

"இது பெரியவங்க மேலுக்குத் தடவுத சரக்கும்மா. இந்த வயசுப் பிள்ளைக்கு ஒரு டீஸ்பூன் உள்ள போனாலே உசிருக்கு ஆபத்து" என்றார்.

மாற்று மருந்து போடுங்கள் என்று என் வீட்டுக்காரர் கும்பிட்டார். இதற்கு மாற்று மருந்து கிடையாது என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தைலம் வயிற்றிலிருந்து ரத்தத்துக்குச் சீக்கிரம் போய், மூளையை மந்தமாக்கும். அதனால்தான் அந்தத் தூக்கம், அந்த வலிப்பு. அது ஒரு நாளில் உடம்பைவிட்டு இறங்கிவிடும், அதுவரை மூச்சு நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய பயம் வேறு. வாந்தி எடுக்கும்போது புரையேறியது என்றீர்களே, அப்போது தைலம் கலந்த வாந்தி மூச்சுக்குழாய்க்குள் போயிருந்தால் நுரையீரல் வெந்துபோகும் என்றார். சரசக்கா சுவரோரமாக நகர்ந்து நின்றதை நான் பார்த்தேன். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

மறுநாள் சாயங்காலம் நித்யா கண் விழித்தாள். நிஜமாகவே விழித்தாள். மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு என்னைப் பார்த்தாள். உதட்டைப் பிதுக்கி "ம்மா" என்றாள். என் வீட்டுக்காரர் வராந்தாவுக்குப் போய் அழுதுவிட்டு வந்தார். காதர் பாய் கீழே போய் வார்டு முழுக்க டீ வாங்கிவந்து கொடுத்தார். நர்ஸம்மாகூடக் குடித்தார்கள். நான் அன்றைக்கு வேண்டாத தெய்வமில்லை. பயம் என்கிற குணமே என்னைவிட்டுப் போய்விட்டது போல, அந்த ஒரு ராத்திரி தூங்கினேன்.

அதற்கு மறுநாள் காய்ச்சல் வந்தது. மூச்சு வேகமாகி, ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவின் கீழே குழி விழுந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எங்களுக்குக் காட்டினார். நுரையீரலில் காற்று இருக்கிற இடம் கறுப்பாகத் தெரிய வேண்டுமாம். வெள்ளையாக இருக்கிற இடத்தில் காற்று போகவில்லை என்று அர்த்தமாம். நான் செக்கிங் வேலைக்காரி. வெள்ளையில் கறுப்பு இருக்கக் கூடாது என்றே பார்த்துப் பழகிய கண். அந்தப் படத்தில் வெள்ளைதான் கறை. கீழே இரண்டு பக்கமும் அப்பியிருந்தது.

நிமோனியா என்றார்கள். எங்கள் பாஷையில் சளிக்காய்ச்சல் என்று சொல்லலாம், ஆனால் இது சளியால் வந்ததில்லை. தைலம் பட்டு வெந்த இடத்தில் கிருமி சேர்ந்துகொண்டது. ஊசி மருந்துகள் சிலதை வெளியே வாங்கிவரச் சொன்னார்கள். காதர் பாய் சீட்டை யார் கையிலும் தராமல் தானே வாங்கிப் போய் வந்தார். லைனில் உள்ளவர்கள் ஷிப்டு முடிந்து பஸ் ஏறி வந்து சோற்றுத் தூக்கை வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போவார்கள். நித்யாவுக்கு வாயால் கொடுக்கக் கூடாது என்று மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தார்கள். என் பாலைப் பீய்ச்சிக் கொடுப்பேன், நர்ஸம்மா அதில் ஊற்றுவார். கொஞ்சம்தான் ஊற்றுவார்கள். எனக்கோ நெஞ்சு நிறைந்து ரவிக்கை நனைந்துகொண்டேயிருக்கும். பக்கத்துக் கட்டிலில் ஒரு பிள்ளை அழுதாலும் சுரக்கும்.

குண்டடத்திலிருந்து என் அண்ணன் வந்தார். விஷயம் முழுக்கக் கேட்டார். வார்டு வாசலில் உட்கார்ந்திருந்த சரசக்காவைக் காட்டி, அவர் காதில் விழும்படியே பேசினார்.

"மூணு பிள்ளைய ஒருத்திகிட்ட உட்டுப்போட்டுப் போறீங்களே, இதென்ன ஆட்டுப்பட்டியா? எங்கூருல ஆட்டுக்குட்டியக்கூட இதவிட நல்லாப் பாப்பாங்க."

சரசக்கா தலை நிமிரவில்லை. பஸ்ஸுக்குப் போகச் சொல்லி என் வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னதற்கும் அசையவில்லை. வந்ததிலிருந்து அவர் அங்கேயே கிடந்தார். யார் கொடுத்ததைத் தின்றாரோ தெரியாது. நானும் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்றைக்கு மூச்சு ரொம்ப மோசமானது. வாய் வழியாகத் தொண்டைக்குள் குழாய் போட்டார்கள். மூச்சு விட வைக்கிற மிஷின் வேறொரு பிள்ளைக்கு ஓடிக்கொண்டிருந்தது. அது காலியாகிற வரை கையால் காற்றுக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ரப்பர் பலூன் மாதிரி ஒரு பை. குழாயோடு சேர்த்து அதை அமுக்கினால் பிள்ளையின் நெஞ்சு எழும்பும், விட்டால் இறங்கும். நர்ஸம்மா வார்டு முழுக்க ஓட வேண்டியவர், அதனால் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். வேகமாக அமுக்கக் கூடாது, பலமாகவும் அமுக்கக் கூடாது, நெஞ்சு எழும்புகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். நீங்கள் நிறுத்தினால் அவள் மூச்சும் நிற்கும் என்றார்.

என் வீட்டுக்காரர் முதலில் பிடித்தார். நிட்டிங் மிஷின் சத்தத்தை வைத்தே ஊசி உடைந்ததைச் சொல்கிறவர், கைக்கு உடனே தாளம் பிடித்துவிட்டது. அவர் கை மரத்தபோது காதர் பாய் வாங்கினார். வாய்க்குள் ஓதிக்கொண்டே அமுக்கினார். பிறகு என் அண்ணன். அவர் ஏர் பிடித்த கை, பதற்றத்தில் வேகமாகிவிடும், நர்ஸம்மா அதட்டுவார். நானும் பிடித்தேன். ஆனால் என்னால் முகத்தைப் பார்க்காமல் நெஞ்சை மட்டும் பார்க்க முடியவில்லை. கை தப்பியது.

அப்போதுதான் சரசக்கா உள்ளே வந்தார். யாரையும் கேட்கவில்லை. "குடு கண்ணு" என்று என் கையிலிருந்து பையை வாங்கினார். இளைப்புக்காரி, மூச்சு என்றால் என்ன என்று தெரிந்தவர். தன்னுடைய மூச்சோடு சேர்த்து அமுக்கினார், தான் விடும்போது விட்டார். நாங்கள் அத்தனை பேரும் அமுக்கியதில் அவர் கையில்தான் நித்யாவின் உதடு கொஞ்சம் சிவந்தது. என் அண்ணன் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, போய் ஒரு ஸ்டூலைத் தூக்கி வந்து அவர் பின்னால் வைத்தார். சரசக்கா உட்கார்ந்தார்.

மிஷின் காலியானது. போட்டார்கள். அது அளவாக, சீராகக் காற்றுக் கொடுத்தது. எனக்குக் கொஞ்சம் தைரியம்கூட வந்தது, மனுசர் கை தப்பலாம் மிஷின் தப்பாது என்று. ஆனால் காற்றைக் கொடுக்கத்தான் மிஷினால் முடியும். வாங்கிக்கொள்ள நுரையீரலில் இடம் இருக்க வேண்டும். அடுத்து எடுத்த எக்ஸ்ரேயைப் பற்றி டாக்டரம்மாவிடம் நான் ஒன்றும் கேட்கவில்லை. தூரத்தில் பிடித்திருந்தபோதே தெரிந்துவிட்டது.

விடிந்து வார்டு கழுவிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "எங்களால ஆனதப் பாத்துட்டோம்மா" என்றார். நான் தலையாட்டினேன். பிள்ளையை என் மடியில் கொடுத்தார்கள். குழாயெல்லாம் எடுத்துவிட்டார்கள். பழையபடி இருந்தாள். தாலிக்கொடியை எடுத்து அவள் கையில் சுற்றிவிட்டேன். கொடி நிற்கவில்லை.

காதர் பாய் வேனிலேயே ஊருக்குக் கொண்டுவந்தோம்.

கிளம்பும்போது வேன் வரைக்கும் டாக்டரம்மா வந்தார். யார் மேலும் குற்றமில்லை, தெரியாமல் செய்தது, ஆனால் தெரிந்தவர்கள் சொல்லாவிட்டால் அது குற்றம்தான், உங்கள் பக்கத்தில் நாலு பேருக்குச் சொல்லுங்கள் என்றார். அவர் சொன்னதையும், பிறகு நானே மருந்துக்கடையிலும் நர்ஸம்மாக்களிடமும் திரும்பத் திரும்பக் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

தைலத்தை வீட்டைவிட்டு எறியச் சொல்லவில்லை. பெரியவர்கள் மேலுக்குப் பூசலாம். அப்படியே பூசாமல், ஒரு கரண்டி தேங்காயெண்ணெயில் சில சொட்டு விட்டு நெஞ்சிலும் முதுகிலும் தேய்க்க வேண்டும். புண்ணில், கண்ணில், மூக்குக்குள் படக் கூடாது. இருமலுக்குச் சர்க்கரையில் ஒரு சொட்டு விட்டு விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பெரியவர்களானாலும் அது வேண்டாம். ஆவி பிடிப்பதானால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, அடுப்பை அணைத்த பிறகு இரண்டு சொட்டு. தைலம் தீப்பிடிக்கிற சாமான். அந்தச் சுடுதண்ணீர்ப் பக்கம் பிள்ளைகள் வரவே கூடாது.

சின்னப் பிள்ளைக்குச் சளி பிடித்தால் தைலத்தை முகத்தில், மூக்கில் பூசாதீர்கள். தலையணையில் தெளிக்காதீர்கள், தொட்டிலில் கட்டாதீர்கள். மூக்கைத் துடைத்துவிட்டு, நிமிர்த்திப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுங்கள். மூச்சு வாங்கினால் டாக்டரிடம் போங்கள். புட்டியைப் பூட்டுகிற இடத்தில் வையுங்கள், கிரைப் வாட்டர் புட்டியில் ஊற்றி வைக்கிற பழக்கம் எங்கள் லைனில் உண்டு, அதைச் செய்யாதீர்கள். புட்டியை மட்டும் ஒளித்தால் போதாது. தைலம் நனைத்த துணியும் புட்டிதான்.

வாயில் போய்விட்டது என்று தெரிந்தால் விரலை விடாதீர்கள். உப்புத் தண்ணீர் வேண்டாம், மோர் வேண்டாம், பால் வேண்டாம். வாயைத் துடைத்து, ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, புட்டியோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நன்றாகத் தூங்குகிறது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். எழுப்பினால் எழாத தூக்கம் தூக்கமில்லை. பயந்தாங்கொள்ளி என்று சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. எழுதவேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது, அது யாருக்கும் உபயோகமில்லை.

பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்த பிறகும் எனக்குப் பால் நிற்கவில்லை. நெஞ்சு கல்லாகக் கட்டி, காய்ச்சல் அடித்தது. எங்கள் பக்கம் மல்லிகைப்பூவை மாரில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்பார்கள். வந்திருந்த ஒரம்பரைகள், சொந்தபந்தங்கள் எல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். நான் யாரையும் கிட்ட விடவில்லை. கதவுப் பக்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தேன்.

சரசக்கா வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பின் அவர் எங்கள் வீட்டு வாசற்படி மிதித்தது அப்போதுதான். பூக்கடைக்கு அவரே போய் வந்திருக்கிறார், கட்டாத உதிரி மல்லிகை, ஒரு இலைப்பொட்டலம். என் வீட்டுக்காரர்தான் எழுந்து வழிவிட்டார்.

என்னை எழுப்பி உட்கார வைத்தார். நான் தடுக்கவில்லை. ரவிக்கையைத் தளர்த்தி, பூவை அள்ளி அள்ளி வைத்து, துண்டைச் சுற்றி இறுக்கினார். அவருக்கு மூச்சு இளைத்துக்கொண்டிருந்தது. முடிச்சு விழவில்லை, மறுபடி போட்டார்.

"வலி பொறுத்துக்கோ கண்ணு. ரெண்டு நாள்ல வத்திரும்" என்றார்.

"வத்த வேண்டாங்க்கா" என்றேன்.

அவர் முடிச்சின் மேலேயே கையை வைத்துக்கொண்டு, அவிழ்க்கவும் இல்லாமல் இறுக்கவும் இல்லாமல், என்னோடு உட்கார்ந்திருந்தார்.